தலைகீழாகப் புதைத்த பதினான்கு கட்டுகள்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களோடு இரண்டு வார்த்தை பேசும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்துத் தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருத்தி, டார்னெய்ட் புறநகரிலிருந்து ரயிலேறி வருகிற அந்தத் துடுக்குக்காரி, என்னை மடக்கினாள்.

"அன்ரி, நீங்கள் எல்லாம் சரியாச் செய்த கதையளைத்தான் சொன்னனீங்கள். விட்ட பிழையில ஆகப் பெரிசு எது?"

"இந்தக் கந்தோர்த் தேத்தண்ணியை இவ்வளவு காலம் குடிச்சதுதான்" என்று சிரித்துவிட்டு நழுவினேன்.

வீடு வந்தும் கேள்வி விடவில்லை. பதில் எனக்கு அரை நொடியில் தெரிந்திருந்தது. ஒரு மணற்குழி. அதற்குள் பதினான்கு கட்டுத் திராட்சைத் தடிகள். சொல்லாமல் நழுவியது சரியில்லை, ஆகவே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநான்கு வயது. இலங்கையில் விவசாயப் பட்டம் எடுத்துவிட்டு மெல்பேர்னுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் செடிகொடிகளை நோய் பார்த்து விடுவிக்கும் நிலையத்தில் தகுதிகாண் கால அதிகாரி. அதாவது, எந்த நேரமும் வீட்டுக்கு அனுப்பப்படலாம். ஆனால் அந்தப் பயமெல்லாம் என்னிடம் நிற்காது. எதையும் மற்றவர் சொல்லி முடிக்குமுன் விளங்கிக்கொள்கிறவள் நான். விளங்காததையும் விளங்கிக்கொண்டுவிடுவேன். அதுதான் சிக்கல்.

எங்கள் கண்ணாடிக்கூடத்தில் பன்னிரண்டு தொட்டிகளில் பன்னிரண்டு திராட்சைக் கொடிகள் இருந்தன. நான் சேர்ந்தபோது பச்சைப் பசேல் என்று கம்பியெல்லாம் ஏறிக் கிடந்தன. ஏப்ரல் வந்தது. இலைகள் மஞ்சளாகி, செம்பாகி, ஒவ்வொன்றாக விழுந்தன. மே மாதத்தில் தொட்டியில் மிஞ்சியது விறகு. யாழ்ப்பாணத்தில் பந்தல் திராட்சை பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே அது தூங்குவதில்லை. நாங்களாக வெட்டிவிட்டால் அடுத்த வாரமே துளிர்க்கும். ஆகவே ஓடிப்போய்க் கூடத்தின் பொறுப்பாளரிடம் சொன்னேன்.

அவர் மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். படிக்க வந்து, படிப்பைப் பாதியில் விட்டு, செடிகளோடு தங்கிவிட்டவர்.

"அண்ணை, பன்னிரண்டும் செத்துப்போச்சு!"

"சாகல, மா. தூங்குது" என்றார். நகத்தால் ஒரு தடியை மெல்லச் சுரண்டினார். பழுப்புத் தோலுக்கு உள்ளே ஈரப் பச்சை. "பாத்தியா? ஆளு உள்ளதான் இருக்கு. சத்தம் போடாம வா."

அன்று நான் அடைந்த வியப்பை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். பூமியின் மறுபாதியில் வெட்டிய தடி. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் அடைத்து, குளிர்காலத்திலிருந்து புறப்பட்டு நேரே கோடைகாலத்துக்குள் வந்து இறங்கியது. காலம் தலைமாறிய அதிர்ச்சியில் பாதி செத்தது. பிழைத்தது இரண்டு வருடம் கண்ணாடிக்குள் சிறையிருந்து, இந்த நாட்டின் குளிர்காலத்தைப் புதிதாகப் படித்து, இதோ இந்த நாட்டு மே மாதத்தில் தூங்குகிறது. நான் இன்னும் இங்கே சரியாகத் தூங்கப் பழகியிருக்கவில்லை.

அந்தக் கொடிகளின் கோப்பை எடுத்து வாசித்தேன். தருவித்தவர்கள் ஓர் இத்தாலியக் குடும்பம். மெல்பேர்னிலிருந்து மூன்று நான்கு மணி நேர ஓட்டம், பனிமலைகளுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே வந்து குடியேறிய இத்தாலியர் எல்லாரும் புகையிலைதான் செய்தார்கள். திராட்சை கிடையாது. ஊர் நினைவில் வீட்டுக் கோடியில் ஒன்றிரண்டு கொடி வைத்திருந்தவர்கள், இனிமேல் தோட்டமாகவே வைத்துப் பார்ப்போமா என்று அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குடும்பம் முதலில் நடும், பக்கத்து மூன்று குடும்பங்கள் பார்த்திருந்து பிறகு நடும் என்று பேச்சு.

கோப்பில் ஒரு கடிதமும் அதன் மொழிபெயர்ப்பும் இருந்தன. தடிகளை அனுப்பியவர், அந்தக் குடும்பத்துச் சின்னையா முறைக்காரர், எழுதியது. "இனி அனுப்ப ஒன்றும் இல்லை. மலையைக் கல்லுடைக்கிறவர்கள் வாங்கிவிட்டார்கள். கொடிகளைப் பிடுங்கியாயிற்று." படிவத்தில் 'இனத்தின் பெயர்' என்ற கட்டத்தில் அந்த வீட்டம்மா எழுதியிருந்தது ஒரே சொல்: 'எங்களுடையது.' எங்கள் புத்தகங்களில் தேடிப் பார்த்தோம். அந்தக் கொடி எதிலும் இல்லை.

ஆக, உலகத்தில் அந்தத் திராட்சை மிஞ்சியிருந்தது எங்கள் பன்னிரண்டு தொட்டிகளில் மட்டும்.

ஜூலை கடைசியில் விடுதலை. அந்தக் காலத்து எங்கள் நிலைய விதி இது: வேரும் மண்ணும் கூடத்தை விட்டு வெளியே போகக்கூடாது, தூங்குகிற தடி மட்டும் போகலாம். தடிகளை வெட்டினோம். கட்டுக்குப் பன்னிரண்டாகப் பதினான்கு கட்டு. தாய்க்கொடிகள் தொட்டி மண்ணோடு எரிசூளைக்குப் போயின. பக்கத்தில் நின்று பார்த்து, எரிந்தது என்று கையெழுத்துப் போட்டவள் நான். விடுவிப்புக் கடிதத்தையும் நான்தான் தட்டச்சுச் செய்தேன். கட்டுகள் அந்தக் குடும்பத்திடம் மணற்குழியில் இருக்கும்; வசந்தத்தில் நடும்வரை எண்ணிக்கை குறையக்கூடாது. அதிகாரியின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அவற்றை இடம் மாற்றவோ அசைக்கவோ கூடாது. மீறினால் திரும்பப் பெறப்படும். முத்திரை.

ஆகஸ்ட் நடுவில் எண்ணிக்கை பார்க்க என்னைத் தனியே அனுப்பினார்கள். முதல் தனிப்பயணம்! கந்தோர் வானை நானே ஓட்டிக்கொண்டு போனேன். பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போதே புகையிலை மணம். யாழ்ப்பாணத்தவளுக்கு அதைவிட என்ன வரவேற்பு வேண்டும்? வீட்டில் யாரும் இல்லை. வேலிக்கு அப்பால் நின்ற ஒருவர் கையைக் காட்டி, எல்லாரும் மெல்பேர்னில் கலியாணத்துக்குப் போய்விட்டார்கள், நாளைக்குத்தான் வருவார்கள் என்றார்.

காத்திருப்பது என் வழக்கம் இல்லை. புகையிலை உலர்த்தும் உயரமான செங்கல் சூளை ஒன்று நின்றது. அதன் வடக்குச் சுவரோரம், இந்த நாட்டில் நாள் முழுக்க வெயில் படுகிற பக்கத்தில், மணற்குழி. பலகையை நீக்கினேன். கையுறை போட்டு மணலை விலக்கினேன்.

எல்லாக் கட்டும் தலைகீழாக இருந்தன.

ஒன்றல்ல, இரண்டல்ல, பதினான்கும். மொட்டுப் பக்கம் அடியில், வேர் விட வேண்டிய பக்கம் மேலே. எங்கள் ஊரில் கிளுவைக் கிளையை வெட்டி வேலிக்கு நடுகிற கதியால் இருக்கிறதே, அதைத் தலைகீழாக நட்டால் பட்டுப்போகும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். பட்டப் படிப்பில் அதற்கு ஒரு முழு அத்தியாயம் படித்திருந்தேன். பாவம், புகையிலைக்காரர்கள், பதற்றத்தில் மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நல்ல வேளை நான் வந்தேன்!

இரண்டு மணி நேரம் முழங்காலில் நின்று பதினான்கையும் எடுத்து, நிமிர்த்தி, மணலை மூடினேன். பிறகு, இலாகாக் கடிதத்தாளில் எழுதினேன்: "உங்கள் கட்டுகள் யாவும் தலைகீழாகப் புதைக்கப்பட்டிருந்தன. அப்படி விட்டிருந்தால் ஒன்றும் தப்பியிராது. சரியான முறையில் திருப்பி வைத்துள்ளேன். இனி எவரும் தொட வேண்டாம்." கையெழுத்து, பதவி, முத்திரை. கதவிடுக்கில் செருகிவிட்டு, வழி முழுக்கப் பாடிக்கொண்டு மெல்பேர்ன் திரும்பினேன்.

கடைசி வசனத்தைக் கவனித்தீர்களா? நான் அப்போது கவனிக்கவில்லை.

ஈப்போக்காரர் அந்த நாட்களில் விடுமுறையில் ஊர் போயிருந்தார். மூன்றரை வாரம் கழித்து முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். செப்டெம்பர் பிறந்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்திருந்த நேரம். முறுக்கைக் கடித்துக்கொண்டே என் பெருமையை அவிழ்த்தேன். திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். அவருக்கு அது எப்போதும் சிரிப்பு.

"அண்ணை, நான் போயிருக்காட்டி அந்தச் சனத்தின்ர முந்திரிகை முழுக்க அழிஞ்சிருக்கும். எல்லாத்தையும் தலைகீழாப் புதைச்சு வைச்சிருந்ததுகள். நான் நிமித்தி வைச்சனான்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "என்ன வெச்ச?"

"நிமித்தி."

"அலாமக்" என்றார், மெதுவாக. மலாய்க்காரரின் 'ஐயையோ' அது. முறுக்கைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தார். "யாழ்ப்பாணத்துப் பொண்ணு, ஒண்ணு கேக்கறேன். வெயில் அடிச்சா குழி மணல்ல எங்க முதல்ல சூடேறும்? மேலயா, அடியிலயா?"

"மேல."

"அடி மணலு?"

"குளிரா... இருக்கும்."

"சூடு எதுக்கு வேணும்? வேருக்கா, மொட்டுக்கா?"

எனக்கு எல்லாம் வேகமாக விளங்கும் என்றேன் அல்லவா, அதுவும் வேகமாக விளங்கியது. வேர் விடும் பக்கம் மேல் மணலின் இளஞ்சூட்டில் முதலில் விழிக்க வேண்டும். மொட்டு அடிக்குளிரில் இன்னும் கொஞ்ச நாள் தூங்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேர் தயாரான பிறகுதான் இலை எழும்ப வேண்டும். அதற்காகத்தான் தலைகீழ். அந்த மனிதர்கள் வெயிலையும் மணலையும் கொண்டு ஓர் அடி ஆழத்துக்குள் இரண்டு பருவகாலம் செய்து வைத்திருந்தார்கள். நான் அதைப் புரட்டிப் போட்டிருந்தேன். இப்போது மொட்டுகள் சூட்டில் கிடந்தன. அவை விழித்து, இலை விட்டு, தடிக்குள் இருக்கும் ஈரத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டுச் சாகும். திரும்ப வெட்டுவதற்குத் தாய்க்கொடி இல்லை. எரித்தாயிற்று. மலையிலும் இல்லை.

"போன் பண்ணட்டே?" என்றேன். அவர்களிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

"போன்ல என்னா சொல்லுவ? நேர்ல போ. விடிஞ்சதும் கெளம்பு. ஆபீஸ் பெரியவர்கிட்ட நான் சொல்லிக்கறேன் லா."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்த முற்றத்தில் நின்றேன். படிவத்தில் 'எங்களுடையது' என்று எழுதிய வீட்டம்மாவை, சினோராவை, முதல் தடவை அன்றுதான் கண்டேன். ஐம்பது வயது, கறுப்புச் சட்டை, கணவரை இழந்து நாலைந்து வருடம். கூடவே மகன் பீனோ, என் வயதுதான். அவர்களுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. என் நினைவில் அது எங்கள் தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"தொத்தொரெஸ்ஸா! வாங்கோ, வாங்கோ, கோப்பி குடியுங்கோ" என்றார். அவர்கள் நாட்டில் பட்டம் பெற்ற பெண்ணை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். அன்று ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் என்னைக் குட்டியது.

"கோப்பி பிறகு. குழியைப் பாப்பம்."

பலகையை நீக்கியதும் கண்டேன். மொட்டுகள் வெடித்திருந்தன. வெண்பஞ்சுக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு நுனிகள். சிலவற்றில் எலிக்காது அளவு இலைகூட. எந்த வசந்தத்திலும் அதைவிட அழகான காட்சி இல்லை. ஒரு தடியை உருவினேன். அடிப்பக்கம் வெட்டிய நாளில் இருந்தபடியே, காய்ந்து, வெறுமையாக.

நான் சொன்னேன். "பிழை என்னுடையது. நீங்கள் வைச்சதுதான் சரி. எனக்குத் தெரியேல்லை." இரண்டு தடவை சொன்னேன். பிறகு, வெட்கத்திலும் அவசரத்திலும், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்: "உங்களுக்குத் தெரியும்தானே? வந்த அண்டைக்கே கண்டிருப்பியள். பிறகேன் திருப்பி வைக்கேல்லை?"

பீனோ வெடித்தான். "அம்மா, சொல்லன்! இப்ப சொல்லன்! நான் அண்டைக்கே மண்வெட்டியோட வந்தனான். இவதான் குழிக்கு மேல ஏறி நிண்டவ. விடமாட்டன் எண்டு."

சினோரா உள்ளே போய் என் கடிதத்தைக் கொண்டு வந்தார். மடிப்பு விழாமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்திருக்கிறார்.

"இதில முத்திரை இருக்கு" என்றார். "எங்கட தடியை ரெண்டு வருசம் பூட்டி வைச்ச கடதாசியிலயும் இதே முத்திரைதான். மீறினா வந்து எடுத்துக்கொண்டு போவினம் எண்டு நினைச்சன். பிறகு, நீங்கள் படிச்சனீங்கள். ஒருவேளை இந்த நாட்டு மண் வேற மாதிரியாக்கும், எங்களுக்குத்தான் தெரியேல்லையாக்கும் எண்டும் நினைச்சன்."

கோபமே இல்லாத குரல். ஒவ்வொரு நாளும் பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். மொட்டு வீங்குவதைக் கண்டிருக்கிறார். தன் மலையின் கடைசித் துண்டு கண்ணெதிரே சாகப்போவதைத் தெரிந்துகொண்டே, என் கையெழுத்துக்குக் கீழ்ப்படிந்து கைகட்டி நின்றிருக்கிறார்.

எனக்கு அது புரியாத கீழ்ப்படிதல் இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று, ஓர் அதிகாரி என் பிறந்த நாளைப் பிழையாகப் பதிந்தார். "சரிதானே?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரைத் திருத்தப்போய், எங்கே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயம். இன்றுவரை இந்த நாட்டுக் கணக்கில் நான் மூன்று நாள் இளையவள். அதே நான், எட்டு மாதத்துக்குள் கவுண்டரின் மற்றப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, 'எவரும் தொட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன்.

"இப்ப எடுப்பம், உடன எடுப்பம்" என்றேன். பீனோ குனிந்தான். சினோரா அசையவில்லை. கடிதத்தோடு கொண்டுவந்திருந்த பேனையை எடுத்து நீட்டினார்.

"எழுதுங்கோ."

"என்ன?"

"இப்ப சொன்னதை. இதிலயே."

தகுதிகாண் காலம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. இலாகாத் தாளில் என் கைப்பட என் பிழையை எழுதினால் அது கோப்புக்குப் போகும். வாயால் சொன்னதோடு விட்டுவிட்டால் கோப்பில் ஒன்றும் ஏறாது. 'தடிகள் இயற்கையாகப் பட்டுப்போயின' என்று ஒரு வரி, கதை முடிந்தது. அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. பேனை என் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. பீனோ என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுதினேன். "மேலே நான் எழுதியது பிழை. இக்குடும்பத்தினர் வைத்த முறையே சரியானது. இத்தடிகளைத் தம் விருப்பப்படி எடுக்க, மாற்ற, நட இவர்களுக்கு முழு அனுமதி உண்டு." கையெழுத்து, பதவி, முத்திரை.

சினோரா அதை இரண்டு தடவை வாசித்தார், உதடு அசைய. தாளைப் புத்தகத்துக்குள் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். அதன் பிறகு நான் கண்டது வேறொரு மனுசி.

"இனித் தலைகீழா வைச்சும் சரிவராது. முழிச்ச மொட்டைத் திரும்பப் படுக்கப் பண்ண ஏலாது" என்றார்.

"ஐஸ் போட்டால்?" என்றேன். "மொட்டை மட்டும் குளிர வைச்சால்?"

பீனோ, "ஐஸ் எவ்வளவு நாளைக்கு? மணல் நனைஞ்சு அடி அழுகிப்போகும்" என்றான்.

"அப்ப மேல குளிர், அடியில சூடு. அதுதானே வேணும்? மேலுக்கு இந்த மலைக்காத்தே போதும்." நான் கைகளைப் பிசைந்துகொண்டு முற்றத்தில் நடந்தேன். "அடியில சூடு... அடியில இருந்து சூடு..."

சினோராவும் நானும் ஒரே நேரத்தில் திரும்பிச் சூளையைப் பார்த்தோம். இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. பீனோ பல வருடம் அதை நடித்துக் காட்டிக் கிண்டல் செய்வான்.

புகையிலைச் சூளைக்கு அடுப்பு வெளியே. சூடு போவது உள்ளே நிலத்தோடு ஓடும் குழாய்களில். தகரத்தைக் குழாய்களுக்கு மேல் விரித்து, அதன்மேல் ஒரு அடி மணல் கொட்டினோம். கட்டுகளை நிமிர்த்தி, அடிப்பக்கம் மணலுக்குள் இருக்க நட்டோம். பக்கத்து வீட்டார் சாக்குகள் கொண்டுவந்தார்கள். நனைத்து, மொட்டுகள் காயாதபடி மேலே தொங்கவிட்டோம். கதவைத் திறந்தோம், கூரைச் சாளரங்களைத் திறந்தோம். பனிமலைக் காற்று மேலே நுழைந்தது. கீழே சிறு விறகாக ஒவ்வொன்றாகப் பீனோ அடுப்புக்குள் வைத்தான். சூடு கூடினால் வெந்துபோகும், குறைந்தால் பயனில்லை. வெப்பமானி என்னிடம் இருந்தது. சினோரா அதை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, முழங்கையை மணலுக்குள் விட்டார்.

"பிள்ளையைக் குளிக்க வாக்கிற தண்ணிச் சூடு" என்றார். "இதில நிப்பாட்டுங்கோ."

நான் வெப்பமானியைப் பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது.

மூன்று நாள் அங்கே தங்கினேன். பிறகு கிழமைதோறும் போனேன். நானூறு மைலுக்குக் குறையாத போக்குவரத்து, பெற்றோல் காசு என்னுடையது. முதல் கிழமையில் இலை விட்டிருந்த தடிகள் ஒவ்வொன்றாக வாடின. சினோரா அவற்றை எடுத்து எறியாமல் தனியே அடுக்கி வைத்தார், பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டாம் கிழமை இன்னும் கொஞ்சம் போயின. மூன்றாம் கிழமை நான் வானை விட்டு இறங்குமுன் பீனோ ஓடி வந்தான். கையில் ஒரு தடி. அதன் அடியில், வெட்டு வாயைச் சுற்றி, அவித்த சவ்வரிசி ஒட்டினாற்போல வெள்ளை மணிகள். அவற்றில் ஒன்றைப் பிளந்துகொண்டு, நூல் நுனிபோல, வேர்.

கடல் கடந்து, சிறையிருந்து, அதிகாரியால் புரட்டப்பட்டு, அடுப்பில் ஏற்றப்பட்டு, அதற்குப் பிறகும் ஒரு தடி, 'சரி, இங்கேதான் என்றால் இங்கே' என்று கால் ஊன்றுகிறது. நுண்நோக்கியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நூல் நுனிக்கு முன்னால் நின்றதுபோல எங்கும் நின்றதில்லை.

பாதிக்குச் சற்று அதிகம் தப்பின. மற்றவை போயின. அவற்றை என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மெல்பேர்னில் எங்கள் மேலதிகாரி இரண்டு குறிப்பையும் நான் பார்த்தெழுதிக் கொண்டுவந்த பிரதியை மேசையில் வைத்து வாசித்தார். அதிகம் பேசாத வெள்ளைக்காரர். வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். "இரண்டையும் கோப்பில் போடு" என்றார். "இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் கிடக்கிற கோப்புகள் இங்கே ஏராளம்." தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டினார். நியாயம்தான்.

அக்டோபர் கடைசியில் நடுகை. மூன்று குடும்பமும் வந்திருந்தது. சினோரா முதல் தடியை என்னிடம் தந்தார். குழிக்கு முன்னால் நான் குனிந்ததும் பீனோ மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"தொத்தொரெஸ்ஸா, ஒரு சின்னச் சந்தேகம். எது மேல்?"

தோட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆனால் நட்ட பிறகு, யாரும் பார்க்காத நேரம், குனிந்து ஒருமுறை சரிபார்த்தேன்.

அடுத்த வருடம் அந்தச் சிறு கொடிகளில் வெட்டிய தடிகளை மூன்று கட்டாகக் கட்டினார்கள், குடும்பத்துக்கு ஒன்று. நடக்கூடிய காலம் வரும்வரை அதே குழியில் வைத்து, என்னை எண்ண வரச் சொன்னார்கள். விதிப்படி எண்ணத் தேவையே இல்லை. ஆனாலும் போனேன். செப்டெம்பர் முதல் வாரம், நல்ல வெயில் மதியம். பலகையில் பீனோ கொட்டை எழுத்தில் வர்ணத்தால் எழுதியிருந்தான்: 'தலைகீழாகத்தான் இருக்கிறது. அதிகாரிகள் பதற வேண்டாம்.'

சினோராவுக்குக் கூச்சம். "இவனுக்கு மரியாதை தெரியாது, தொத்தொரெஸ்ஸா. அழிக்கச் சொன்னன்."

"அழிக்காதேங்கோ" என்றேன். "அடுத்த ஒபிசர் ஆரோ, ஆருக்குத் தெரியும்?"

பலகையை நீக்கினேன். மண்டியிட்டேன். இந்தத் தடவை கையுறை போடவில்லை. விரல்களைச் சேர்த்து, கட்டுகளுக்கு நடுவே, மணலுக்குள் மெல்ல இறக்கினேன். மணிக்கட்டு, முன்கை, முழங்கை வரை. நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒரே காரியம். முழங்கையைச் சுற்றி மணல் இளஞ்சூடாக இருந்தது. விரல் நுனிகள் குளிரில் விறைத்தன.

"எத்தனை?" என்று சினோரா கேட்டார்.

"இன்னும் எண்ணேல்லை" என்றேன். கையை எடுக்க மனம் வரவில்லை.